மரத்துப்போன கையும் வெள்ளைச் சோறும்

இப்போது என்னால் ஒரு முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடிகிறது. எடுத்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, உடையாமல் கூடையிலேயே திரும்ப வைத்துவிடுவேன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கை நன்றாக இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லைதான். எனக்கும் முன்பெல்லாம் ஒன்றுமில்லாமல்தான் இருந்தது.

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஊரில் ஓதப் போன இடத்தில் கொஞ்சம், கப்பலேறி சிங்கப்பூர் வந்த பிறகு சாமான் பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் என்று எழுத்தைச் சேர்த்துக்கொண்டவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நானும் என் நானாவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். நானா என்றால் அண்ணன். நாகூர்ப் பக்கம் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் வரவில்லை. ஏன் அப்படி ஆயிற்று என்பதை இந்த ஊரில் சோறு தின்கிற நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நானாவின் பெயர் மீரான். தஞ்சோங் பகார் துறைமுக வாசலில் எங்களுக்கு ஒரு சரபத்துக் கடை. கடை என்றால் ஒரு பலகை, ஓர் அடுப்பு, ஒரு பெரிய செம்புக் கெண்டி, கொஞ்சம் கண்ணாடிக் கிளாஸ்கள், அவ்வளவுதான். இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொடுப்போம். கப்பலில் கரி ஏற்றுகிற ஆட்கள் முகமெல்லாம் கறுப்பாக வந்து நிற்பார்கள். நானா ஆற்றிக் கொடுப்பார், நான் எடுத்து நீட்டுவேன். அந்த வேலைக்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் வேண்டாம். கை மட்டும் வேண்டும்.

முதலில் நாங்கள் ஊர்க்காரர்களோடு கித்தங்கியில் இருந்தோம். கித்தங்கி என்பது சாமானும் ஆளும் சேர்ந்து கிடக்கிற கிடங்கு வீடு. அங்கே ஒரு பண்டாரி எல்லாருக்கும் சேர்த்து ரங்கூன் புழுங்கலரிசி பொங்கிப் போடுவார். தடித்த சோறு, மஞ்சள் பாரித்திருக்கும், ஒரு வாடையும் அடிக்கும். நானா பிசைந்துகொண்டே, தன் பெண்டாட்டி வரட்டும், அப்புறம் பார் என்பார். மல்லிகைப்பூ மாதிரிச் சோறு தின்னப்போகிறோமாம்.

மச்சி வந்தார். நானாவின் பெண்டாட்டியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். தேக்காவில் மாட்டுக் கொட்டில்களுக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்தோம். கூலி லைன்களில் தின்கிற அரிசியைத் தன் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் போட மச்சிக்கு மனம் வரவில்லை. சயாம் பச்சரிசிதான் வாங்கச் சொன்னார். நன்றாகத் தீட்டிய அரிசி, கையில் எடுத்தால் வழுக்கும். அதையும் மறுபடி மறுபடி கழுவுவார். பால் மாதிரி வருகிற தண்ணீர் தெளிந்து ஓடுகிற வரைக்கும் விடமாட்டார். வடித்த கஞ்சியைக் கொட்டில் மாடுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். அந்த மாடுகள் கொழுகொழுவென்று இருந்தன. அதை நினைத்து அழ எனக்கு அப்புறம் நிறைய நேரம் கிடைத்தது.

ஒரு கடையைச் சொந்தமாகப் பிடிக்க வேண்டும் என்று நானாவுக்கு ஆசை. அதனால் கறி, மீன் எல்லாம் எப்போதாவதுதான். தினமும் அந்த வெள்ளைச் சோறு, ஒரு புளியாணம், ஒரு துண்டு கருவாடு. நாங்கள் இரண்டு பேரும் தின்று எழுந்த பிறகு பானையில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. மச்சி பச்சைப்பயற்றை வேகவைத்துத் தேங்காயைத் துருவிப்போட்டு மூலையில் உட்கார்ந்து தின்பார். "எனக்கு இது போதும்" என்பார். அவருக்கு அது பிடிக்கும் என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

நோய் என் காலில்தான் முதலில் வந்தது. நடந்து போகும்போது செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடக்கும், எனக்குத் தெரியாது. யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். பிறகு கைக்கு வந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் எறும்பும் போய்விட்டது. நான் அதை நல்லதென்று நினைத்தேன்.

கிளாஸ்கள் உடையத் தொடங்கின. ஈரமாக இருந்தால் வழுக்கி விழும். விழாமல் இருக்கட்டும் என்று அழுத்திப் பிடித்தால் மெல்லிய கிளாஸ் கைக்குள்ளேயே நொறுங்கும். நடுவில் ஓர் அளவு இருக்குமே, அது எனக்குப் பிடிபடவில்லை. நானா முதலில் சிரித்தார். "கிளாஸக் கொல்றதுக்குன்னே பொறந்தவன்டா நீ. ஒனக்கு நான் தேங்காச் செரட்டைலதான் யாவாரம் வைக்கணும்" என்பார்.

இன்னொன்று நடந்தது. கரி ஏற்றுகிற ஒருவரிடம் கிளாஸை நீட்டினேன். அவர் பிடித்தார். நான் விடவில்லை. அவர் இழுக்கிறார், என் கை பிடித்தபடியே இருக்கிறது. நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்பா, கிளாஸ விடப்போறியா, இல்ல ரெண்டு பேரும் சேந்தே குடிப்போமா?" என்றார் அவர்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவருக்கு ஒரு சாமானைக் கொடுக்கும்போது அவர் பிடித்துவிட்டார் என்று நம் விரலுக்குத் தெரிகிறது, அதனால்தான் நாம் விடுகிறோம். இதை நான் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை. யார் யோசிப்பார்கள்?

ஒருநாள் கெண்டியின் பிடியில் கை வெந்தது. வலிக்கவில்லை. வாடை வந்த பிறகுதான் பார்த்தேன். அன்றைக்கு நானா சிரிக்கவில்லை. மச்சி எண்ணெய் காய்ச்சி வாழை இலையில் தடவி அறைக்கு வெளியே வைத்தார், கொழுந்தன் கையைத் தொடமாட்டார், நானா எடுத்து என் கையில் கட்டினார். அப்போதுதான் அவருடைய காலைக் கவனித்தேன். வீங்கிப் பளபளவென்று இருந்தது. விரலால் அமுக்கினால் பிசைந்த மாவில் அமுக்கியது மாதிரிக் குழி விழுந்து அப்படியே நின்றது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அப்புறம்தான் சொன்னார்.

இரண்டு பேரும் ஒரே ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி, நீள நீளமான வார்டுகள், சுற்றிலும் மரம். வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எங்களைத் தவிர பெஞ்சு முழுக்கச் சீனர்கள். ஒருவர் எழுந்து நடந்தபோது குதிரை நடப்பது மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். நானா என்னை இடித்து, "அடுத்தது நீதான்" என்றார். பயந்தால் அவர் இப்படித்தான் பேசுவார்.

டாக்டர் வெள்ளைக்காரர், அதிகம் பேசமாட்டார். அவரோடு இருந்த டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, நாங்கள் பேசுவதை டாக்டருக்குச் சொல்வது எல்லாம் அவர்தான். அவருடைய தமிழ் எங்களுக்கு முதலில் புரியவில்லை.

"தம்பி, கண்ணை மூடும். நான் தொடேக்க ஓம் எண்டு சொல்லும்" என்றார்.

கண்ணை மூடினேன். தொடும்போது ஆமாம் என்று சொல்லக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் அவர் தொடவில்லை என்று நினைத்து, தொடங்கலாமே என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால் டிரஸ்ஸர் கையில் ஒரு பஞ்சுத் துணுக்கு. அதை என் விரல்களில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு ஊசியால் குத்தினார். மணிக்கட்டுக்கு மேலே வந்த பிறகுதான் வலித்தது. முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார்கள். நல்ல கால் என்றால் தானாக ஓர் உதை உதைக்குமாம். என் கால் தொங்கியது.

நோயின் பெயர் பெரிபெரி என்றார்கள். அதில் இரண்டு மாதிரி. ஒன்று காய்ந்தது: நரம்பு செத்து, கை கால் மரத்து, ஆள் மெலிந்துபோவார். அது எனக்கு. இன்னொன்று நீர் கோத்தது: கால் வீங்கி, அந்த நீர் மேலே ஏறி, இருதயம் தள்ளாடும். அது நானாவுக்கு. அவர் கை நன்றாக இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரைக்கும் நானாவின் கை நன்றாகவே இருந்தது.

இந்த நோய் நம் ஆட்களுக்கு வருவது அபூர்வம், சீனர்களுக்குத்தான் அதிகம் என்று டிரஸ்ஸர் ஆச்சரியப்பட்டார். எதனால் வருகிறது என்று நானா கேட்டார். ஈரத்தரை என்கிறார்கள், கெட்ட காற்று என்கிறார்கள், சாப்பாடு என்றும் சிலர் சொல்கிறார்கள் என்றார். டிரஸ்ஸரைக் கேட்டால் ஈரத்தரை என்பார். எங்கள் டாக்டர் சாப்பாட்டுக் கட்சி. அதனால் அந்த வார்டில் மட்டும் வேறு மாதிரிச் சாப்பாடு. தவிடு போகாத அரிசியில் கஞ்சி, பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர். பார்க்கவே மண் நிறமாக இருக்கும். வெளிச் சாப்பாடு வேண்டாம் என்று சொன்னார்கள். ஏன் என்று சொல்லவில்லை. அவர்களுக்கே உறுதியாகத் தெரியாததை எப்படிச் சொல்வார்கள்? யார் மேலும் எனக்குக் கோபமில்லை.

என் கை ஏன் கிளாஸ்களை உடைக்கிறது என்று அங்கேதான் விளங்கியது. கையில் சத்து போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிரஸ்ஸர் ஒரு தகரக் குவளையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். தண்ணீர் ஊற்றச் சொன்னார். நானா ஊற்றினார். குவளை அசையவில்லை. "என்ர விரலைப் பாரும்" என்றார். தண்ணீர் ஏற ஏற அவருடைய விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போயின. அவர் ஒன்றும் செய்யவில்லை. அதுவாகவே இறுகியது. பிறகு குவளையை என்னிடம் கொடுத்தார். நான் கண்ணை மூடினேன். நானா ஊற்றினார். பாதி நிறைவதற்குள் என் மடியெல்லாம் தண்ணீர். குவளை எப்போது நழுவியது என்றே தெரியவில்லை.

"உம்மட கையில பலம் இருக்குத் தம்பி. காதுதான் இல்லை. தோல்தான் கையின்ர காது. பாரம் கூடுது, வழுக்குது எண்டு தோல் சொல்லவேணும். சொன்னாத்தான் கை அளவாப் பிடிக்கும். சொல்லாட்டிக் கைக்குப் பயம். ஒண்டில் நொறுக்கும், இல்லாட்டி விட்டிடும்."

அதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். தோல் சொல்லாததைக் கண் சொல்லட்டும் என்றார். எதைப் பிடித்தாலும் பார்த்துக்கொண்டே பிடிக்க வேண்டும். கண்ணை எடுத்தால் கையை எடுத்த மாதிரி. அதை நான் பழகினேன். ஒரு குவளையைத் தூக்கினால் வாயில் வைக்கிற வரைக்கும் விரல்களையே பார்ப்பேன்.

முதல் வாரம் மச்சிக்கு எங்களைப் பார்க்க வர முடியவில்லை. புது ஊர், தனியாக இவ்வளவு தூரம் வரப் பயம். அதனால் நானா வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடித்தார். ஒவ்வொரு வேளையும் கோழிகளுக்குப் போடுவதைத் தனக்குப் போடுகிறார்கள் என்று முணுமுணுப்பார். ஆனால் குடித்தார். வீக்கம் வடியத் தொடங்கியது. முகம் சுருங்கிக் கன்னத்து எலும்பு தெரிந்தது. மல்லாந்து படுக்க முடிந்தது. ஒருநாள் வார்டின் அந்தக் கோடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

அப்போதுதான் மச்சி வந்தார். ஊர்க்காரர் வீட்டு அம்மா ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாசல்வரை வந்தவர், நானாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். வீங்கிய முகத்தை நல்ல முகம் என்று பழகிய கண். வடிந்த முகம் அவருக்குப் பட்டினி கிடந்த முகமாகத் தெரிந்தது.

"எலும்பாக்கிட்டாங்களே உங்கள" என்று முக்காட்டுக்குள்ளேயே அழுதார்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு அடுக்கு வரத் தொடங்கியது. தேக்காவிலிருந்து வெயிலில் நடந்தே கொண்டுவருவார். துணிக்கு மேல் துணி சுற்றி, திறந்தால் ஆவி பறக்கும். வெள்ளைவெளேர் என்று சோறு. ஒட்டாமல், உதிராமல், உண்மையிலேயே பூ மாதிரி இருக்கும். நானா அந்த அடுக்கைத் திறக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். கித்தங்கியில் சொன்னாரே, அந்த முகம்.

எனக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார். ஆனால் என்னால் தின்ன முடியவில்லை. சோறு தின்பது எவ்வளவு பெரிய வேலை என்று கை மரத்தவனைக் கேளுங்கள். பிசைய வேண்டும், உருட்ட வேண்டும், உதிராத அளவுக்கு அழுத்த வேண்டும், விரல் நுனியில் ஏற்றிக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். என் கையில் ஒரு பருக்கை நிற்கவில்லை. பாதி மடியில், பாதி தரையில். சுடுகிறதா ஆறியதா என்றும் தெரியாது. வார்டில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள். மச்சி வராந்தாவில் நின்று பார்க்கிறார்.

நானா ஊட்டிவிட வந்தார். எனக்கு வெட்கம். மீசை முளைத்தவனுக்கு யாராவது சோறு ஊட்டுவார்களா? வேண்டாம், எனக்குப் பசியில்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். மச்சி போன பிறகு ஆஸ்பத்திரிக் கஞ்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கிண்ணத்தை வைத்துக் குனிந்து உறிஞ்சிக் குடித்தேன். அதற்கு விரல் வேண்டியதில்லை. பயற்றுத் தண்ணீரையும் அப்படியே குடித்தேன். தினமும் அப்படித்தான். நன்றி கெட்டவன், மச்சி கொண்டுவரும் சோற்றைத் தொடுவதில்லை என்று நானாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

நானாவின் பங்குக் கஞ்சி அடுத்த கட்டிலில் கிடந்த ஒரு சீன ரிக்‌ஷாக்காரருக்குப் போனது. நான் குனிந்து உறிஞ்சுவதைப் பார்த்து, "பிளான் பிளான் லா" என்பார். மெதுவாக, மெதுவாக என்று மலாயில் சொல்கிறார். தன் கிண்ணத்தைக் குடித்துவிட்டு நானா நீட்டுகிற கிண்ணத்தையும் குடிப்பார். வந்தபோது இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்த ஆள். ஒருநாள் எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, நானாவின் காலைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டு, தானாகவே நடந்து போனார். அதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். பார்த்தும் ஒன்றும் புரியவில்லை.

நானாவுக்கு மறுபடி வீங்கியது. மச்சிக்கு அது சந்தோஷம், முகம் தேறிவிட்டது என்றார். ராத்திரிகளில் நானா படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அந்த மூச்சின் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. டாக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு டிரஸ்ஸரிடம் ஏதோ கேட்டார். அவர் எங்களைப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்பது போலத் தலையை ஆட்டினார். சாப்பாட்டு அடுக்கு எப்போதும் கட்டிலுக்கு அடியில் துணி போட்டு மூடியிருக்கும்.

அன்று மத்தியானம் மழை. மச்சி சோறு கொடுத்துவிட்டு மழை விடட்டும் என்று வராந்தாவில் நின்றிருந்தார். நானா இரண்டு வாய்தான் தின்றார். என்னைப் பார்த்து, கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பிடித்தேன்.

"மெதுவாடா காதரு. நொறுக்கிடாத. நான் என்ன கிளாஸா?"

சிரித்தார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. நான் பிடியைத் தளர்த்தினேன். எவ்வளவு தளர்த்தினேன் என்று எனக்குத் தெரியாது, என் விரல்களைப் பார்த்துப் பார்த்துத் தளர்த்தினேன். அவருடைய கை என் கைக்குள் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவருக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. பயந்துபோய் மச்சியைக் கூப்பிட வராந்தாப் பக்கம் திரும்பினேன். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், டிரஸ்ஸரையும் கூப்பிட்டேன். அவ்வளவு நேரமும் நானாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் என் கை கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானாவின் கை அவருடைய இடுப்போரம் கிடந்தது. உயிர் போயிருந்தது. அவர் விட்டாரா, நான் விட்டேனா, எனக்குத் தெரியவில்லை. போகும்போது என் கையை இறுக்கினாரா என்றும் தெரியவில்லை. மற்ற எவனாக இருந்தாலும் அவனுடைய தோல் அவனுக்குச் சொல்லியிருக்கும்.

கபுர்க்குழியில் மண் போட என்னையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று பிடி மண் போட வேண்டும். அள்ளிய மண் கையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். அது ஈரமா, குளிர்ச்சியா, ஒன்றும் தெரியாது.

மறுபடி ஆஸ்பத்திரிக்கே வந்தேன். மச்சி இத்தாவில் உட்கார்ந்துவிட்டார். புருஷனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அதனால் சாப்பாட்டு அடுக்கு வருவது நின்றது. நான் கஞ்சியும் பயறுமாகக் கிடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக விரல் நுனி திரும்பியது. திரும்பும்போது சுகமாக இல்லை; நெருப்பில் காட்டியது மாதிரி எரிந்தது. டிரஸ்ஸர் வந்து, எரிந்தால் நல்லது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பார். பயற்று மணிகளைத் தட்டில் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வார். நான் எடுப்பேன். எடுக்கும்போதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ கிடப்பார்கள்.

ஒருநாள் டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். டிரஸ்ஸர் நடுவில் நின்று பேசினார். நானா என்ன தின்றார், நான் என்ன தின்றேன் என்று கேட்டார்கள். சொன்னேன். நானாவின் கஞ்சியை யார் குடித்தது என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது என் வாய் நின்றுவிட்டது. அவர்கள் சொல்லத் தேவையிருக்கவில்லை. டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

தவிட்டிலும் பயற்றிலும் ஏதோ ஒன்று இருக்கிறதாம். அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கும்போது அது போய்விடுகிறதாம். நெல்லைப் புழுக்கிவிட்டுக் குத்தினால் உள்ளேயே தங்கிவிடுகிறதாம். அதனால்தான் கித்தங்கியில் யாருக்கும் வரவில்லை. அது என்ன பொருள் என்று அவர்களுக்கே இன்னும் தெரியாதாம், இல்லை என்று சண்டை போடுகிற டாக்டர்களும் இருக்கிறார்களாம். எனக்குச் சண்டை இல்லை. என் கை மரத்திருந்ததால் நான் பிழைத்தேன். நானாவின் கை நன்றாக இருந்ததால் அவர் தின்றார்.

நான் வெளியே வந்தபோது மச்சியின் இத்தா முடிந்திருக்கவில்லை. கித்தங்கியில் தங்கிக்கொண்டு, வீட்டுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன். அவர் திரைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். முதல் நாள் புழுங்கலரிசி வாங்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூட்டையைத் திறந்தபோது அதே கித்தங்கி வாடை. திரையோரம் வைத்துவிட்டு, என் கைக்கு இதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னார், நீங்களும் இதையே பொங்குங்கள் என்றேன். அவ்வளவுதான் சொல்வது என்று வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

அந்தப் பக்கம் அரிசியைக் கையில் அள்ளி விடுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, உங்க நானாவுக்கும் இதத்தான் குடுத்திருக்கணுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தேன். வரவில்லை.

"ஆமா மச்சி. யாருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியல."

"மொதல்ல எளச்சாங்களே, அது நல்லதுக்கா?"

"ஆமா மச்சி."

அவர் அழுவார் என்று உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. மாடுகள் கத்தின. "அந்தக் கஞ்சித் தண்ணிய மாட்டுக்கு ஊத்தினேனே" என்றார், யாரிடமோ சொல்வது மாதிரி.

இதையெல்லாம் எழுதலாமா என்று இன்னொரு நாள் அவரிடமே கேட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துச் சொன்னால் ஊர் என்ன பேசும் என்று எனக்குப் பயம்.

"எழுதுங்க தம்பி. என்னப் பேசினா பேசிட்டுப் போறாங்க. எவளாச்சும் ஒருத்தி அரிசிய ரெண்டு தண்ணியோட நிறுத்தட்டும்" என்றார்.

அன்று வெயில் கடுமை. தண்ணீர் கேட்டேன். திரைக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் வந்தது. எங்கள் கடைக் கிளாஸ், நான் உடைக்காமல் விட்டவற்றில் ஒன்று. எடுத்து நீட்டினேன். திரையிடுக்கில் செம்பின் வாய் வந்தது. ஏனோ கண்ணை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் விழுந்தது. கிளாஸ் கனத்தது, குளிர்ந்தது, கொஞ்சம் வழுக்கியது. விரல்கள் இறுகின. அளவாக இறுகின. நான் ஒன்றும் செய்யவில்லை. அதுவாகவே பிடித்துக்கொண்டது.

"நெறஞ்சிடுச்சா தம்பி?" என்று மச்சி கேட்டார்.

நிறைந்துவிட்டது என்றேன். கண்ணைத் திறக்காமல் அந்தக் கிளாஸை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.